வெறி பிடிப்பது எது?

நாய்க்கு வெறி பிடிக்கிறது. மனிதர்களுக்கு மதவெறி, சாதிவெறி, பதவிவெறி, பணவெறி எல்லாம் பிடிக்கின்றன. தேர்தல் மேடையில் எதிரணியைச் சாடவும் இந்தச் சொல்தான், கடிபட்டவர் ஊசி போடப் போகும் இடத்து அறிவிப்புப் பலகையிலும் இந்தச் சொல்தான். 2011-ல் ஒரு சினிமாப் பாட்டு 'கொலைவெறி'யைக் காதல் தோல்வியின் செல்லப் புலம்பலாக்கி உலகம் சுற்ற வைத்தது. நல்ல சண்டைக்காட்சி பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பையன் 'வெறித்தனம்' என்கிறான். அவன் வாயில் அது பாராட்டு.

ஒரு நோயின் பெயரும் ஒரு மனப்போக்கின் பெயரும் எப்படி ஒன்றாயின? நாயிடமிருந்து மனிதனுக்கு வந்த சொல்லா, மனிதனிடமிருந்து நாய்க்குப் போனதா?

சொல்லோடு சேர்ந்து வரும் வினையைக் கவனிக்க வேண்டும். வெறி 'பிடிக்கிறது'. பேய், பைத்தியம், சளி, சனி எல்லாவற்றுக்கும் நாம் இந்த வினையைத்தான் போடுகிறோம். வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து ஆளைப் பற்றிக்கொண்டது, இனி நடப்பதெல்லாம் அதன் வேலை என்ற நம்பிக்கை இந்த வினைக்குள் இருக்கிறது.

இந்த நம்பிக்கை சங்க காலத்துக்கும் முந்தியதாக இருக்கலாம். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை. தாய் கவலைப்பட்டு முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறான். களம் அமைத்து, ஆட்டை அறுத்து, தினையில் குருதி கலந்து பலியிட்டு ஆடுகிறான். முருகன் அவன்மேல் ஏறுகிறான். அந்த ஆட்டம்தான் வெறியாட்டு, வெறியாடல். மகளுக்கு வந்திருப்பது காதல் என்று தோழிக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் காட்சியை ஒரு தவறான நோயறிதலின் பதிவு என்றும் படிக்கலாம். இதைப் பாடியதற்காகவே ஒரு புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்றார். அகராதியைத் திறந்தால் வெறிக்கு மணம், கள், மயக்கம், பித்து என்று பொருள்கள் நீள்கின்றன. தலைக்கு ஏறுபவை எல்லாம் அங்கே இருக்கின்றன.

ஈழத்தில் இந்தச் சொல் வேறு பக்கம் சாய்ந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வெறி என்றால் குடிபோதை. எப்போதும் போதையில் இருப்பவர் வெறிக்குட்டி. அங்கே நாய்க்குப் பிடிப்பது விசர். தமிழ்நாட்டின் வெறிநாய் அங்கே விசர்நாய்.

லத்தீனில் இதே கதை இரண்டு சொற்களாகப் பிரிந்து நடந்தது. கோயிலுக்கு அங்கே 'ஃபானும்' என்று பெயர். கோயிலில் தெய்வம் ஏறி ஆடியவர் 'ஃபனாட்டிகுஸ்'. போர்த்தெய்வமான பெல்லோனாவின் பூசாரிகள் ஆவேசத்தில் தங்கள் கைகளையே கீறிக்கொள்வார்கள். ஆங்கிலம் மதவெறியருக்கு வைத்திருக்கும் சொல் இந்தக் கோயிலிலிருந்து வந்தது. இன்னொரு சொல் நாயிடமிருந்து வந்தது. 'ரபேரே' என்றால் வெறிகொண்டு சீறுவது, அந்த நிலை 'ரேபிஸ்', அதைக் கொண்டவன் 'ரபிடுஸ்'. நாம் ஊசி போடப் போகும்போது சொல்லும் ரேபிஸும், கண்மூடித்தனமான கட்சிக்காரரை ஆங்கிலப் பத்திரிகைகள் குறிக்கும் 'ரேபிட்' என்ற சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிரெஞ்சில் இன்றும் 'ராஜ்' என்றால் இந்த நோய்க்கும் கடுஞ்சினத்துக்கும் பொது. ரோமானியர் கோயிலுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று வைத்துக்கொண்டதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

கிரேக்கர்கள் இதை 'லிஸ்ஸா' என்றார்கள். ஹோமரின் இலியட்டில் போர்க்களத்தில் ஹெக்டருக்குப் பிடிப்பது லிஸ்ஸா. யூரிப்பிடீஸின் நாடகத்தில் லிஸ்ஸா ஒரு தேவதையாகவே மேடைக்கு வந்து, ஹெராக்ளீஸின் மதியைக் கெடுத்து, சொந்தப் பிள்ளைகளையே கொல்ல வைக்கிறாள். ரேபிஸ் வைரஸும் அதன் உறவினர்களும் அடங்கிய பேரினத்துக்கு அறிவியல் இன்று வைத்திருக்கும் பெயர் லிஸ்ஸாவைரஸ்.

அப்படியானால் பிடிப்பது எது? தேவதை இல்லையென்றால் வேறு என்ன?

ரோமானிய எழுத்தாளர் பிளினி, நாயின் நாக்குக்கு அடியில் ஒரு புழு இருக்கிறது, குட்டியிலேயே அதை வெட்டி எடுத்துவிட்டால் வெறி வராது என்று எழுதினார். நாக்கின் அடியில் புழுப்போல ஒரு நார்ப்பட்டை இருப்பது உண்மைதான். அது எல்லா நாய்க்கும் உண்டு, வெறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடற்கூறு நூல்களில் அதன் பெயர் மட்டும் இன்னும் லிஸ்ஸா. அவரைப் போலவே முதல் நூற்றாண்டில் வாழ்ந்த இன்னொரு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்தார். வெறிநாய் கடித்த காயத்திலிருந்து நஞ்சை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, நஞ்சுக்கு அவர் பயன்படுத்திய லத்தீன் சொல் 'வைரஸ்'. இன்று நாம் வைரஸ் என்று அழைக்கும் பொருள் உலகில் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்தியாவில் சுசுருத சம்ஹிதையும் கடித்த விலங்கையும், கடிபட்டவர் தண்ணீரைக் கண்டு நடுங்குவதையும் இணைத்துப் பேசுகிறது. தண்ணீருக்கு அஞ்சத் தொடங்கியவர் பிழைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்பது யாருக்கும் தெரியவில்லை.

1804-ல் ஜெர்மனியில் ஜார்ஜ் ஸிங்கே என்பவர் எளிய சோதனை ஒன்று செய்தார். வெறிநாயின் எச்சிலைத் தூரிகையால் தொட்டு, நலமாக இருந்த இன்னொரு நாயின் தோலில் கீறிய இடத்தில் தடவினார். சில நாட்களில் அதற்கும் வெறி வந்தது. கோடை வெயில், பசி, புணர்ச்சி கிட்டாமை என்று அதுவரை சொல்லிவந்த காரணங்களுக்கு இனி இடமில்லை. பிடிப்பது எதுவானாலும் அது எச்சிலில் இருக்கிறது.

அடுத்த பெரிய அடி பாரிஸில் விழுந்தது. லூயி பாஸ்டரும் எமில் ரூவும் நோயுற்ற விலங்கின் மூளைப் பொருளை நேரே முயலின் மூளையில் செலுத்தினார்கள். நோய் விரைவாக, தவறாமல் வந்தது. ஆகவே எச்சிலில் மட்டுமல்ல, நரம்பு மண்டலத்திலும் அது குடியிருக்கிறது. அவர்களிடம் இருந்த நுண்ணோக்கியில் கிருமி எதுவும் தெரியவில்லை. கண்ணால் காணாத ஒன்றைப் பாஸ்டர் முயலின் தண்டுவடத்தில் வளர்த்தார், ஈரம் உறிஞ்சும் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார், நாள் ஆக ஆக அதன் வீரியம் குறைவதைப் பார்த்தார். 1885 ஜூலை 6 அன்று அல்சாஸிலிருந்து, வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டரை அவன் தாய் அழைத்துவந்தபோது, பலவீனமானதில் தொடங்கிப் படிப்படியாக வீரியம் கூட்டி, பதின்மூன்று ஊசிகள் போடப்பட்டன. பையன் பிழைத்தான். பாஸ்டரின் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கைசன், இதே முறையை நாய்களில் முழுமையாகச் சோதித்து முடிக்கும் முன்பே சிறுவனுக்குக் கொடுத்துவிட்டார் என்று 1995-ல் எழுதினார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தந்திருக்காது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அம்மை வந்தபின் அம்மைத் தடுப்பூசியால் பயனில்லை. இந்த நோயில் மட்டும் கடிபட்ட பிறகு போடும் ஊசி எப்படிக் காப்பாற்றுகிறது?

காரணம் அது போகும் பாதை. ரத்தத்தில் கலந்தால் எந்தக் கிருமியும் சில நிமிடங்களில் உடல் முழுக்கச் சுற்றிவிடும். இந்த வைரஸ் அந்த வழியில் போவதில்லை. 1880-களின் கடைசியில் நேப்பிள்ஸில் டி வெஸ்டியாவும் ஸகாரியும் விலங்கின் கால் நரம்பில் நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி முதலில் தொற்றியது, பிறகு மேலே ஏறியது. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் எலிகளின் காலில் வைரஸைச் செலுத்தி, உரிய காலத்துக்குள் அந்தக் காலுக்குப் போகும் நரம்பைத் துண்டித்தார்கள். எலிகள் தப்பின. பாதை நரம்புதான் என்பதில் அதன்பின் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை.

நரம்பணு விசித்திரமான செல். அதன் உடல் தண்டுவடத்தில் இருக்கும், வால் பாதம் வரை நீளும். அதற்குள் ஓயாத சரக்குப் போக்குவரத்து உண்டு. உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் கேன் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நிறைந்த கேன்கள், திரும்பும்போது காலிக் கேன்கள். நரம்பணுவிலும் செல்லுடலிலிருந்து நுனிக்குப் புரதங்கள் போகின்றன, நுனியிலிருந்து சிறு சவ்வுப் பைகளில் செய்திகளும் பழைய பொருள்களும் திரும்புகின்றன. வைரஸ் இந்தத் திரும்பும் பையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஓட்டுநருக்குச் சந்தேகமில்லை, வண்டி வழக்கம்போல டிப்போவுக்குப் போகிறது. நரம்பின் வளர்ச்சிச் செய்தியைச் சுமக்கும் ஒரு ஏற்பியைப் பற்றிக்கொண்டு வைரஸ் வழக்கத்தைவிட வேகமாகவே பயணிக்கிறது என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில், குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்துவதற்கென்றே இருக்கும் புரதம்.

வேகம் நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பாதத்திலிருந்து தண்டுவடத்துக்கு இரண்டு மூன்று வாரம் போதும். ஆனால் கடிக்கும் நோய்க்குறிக்கும் இடையில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், அரிதாக ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. மிச்ச நாட்களில் வைரஸ் கடித்த இடத்துத் தசையில் தங்கி மெல்லப் பெருகுகிறது. இந்தத் தாமதம்தான் பாஸ்டருக்குக் கிடைத்த அவகாசம். நரம்புக்குள் நுழைந்த வைரஸை நம் எதிர்ப்பாற்றல் எளிதில் தொட முடியாது. நுழையும் முன் எதிர்ப்புரதங்கள் தயாராகிவிட்டால் கதை அங்கேயே முடிகிறது. முகத்திலோ கழுத்திலோ கடித்தால் ஏன் பதறுகிறார்கள் என்பதும் இப்போது புரியும். மூளை பக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஊசிக்கும் நெருங்கிய உறவு உண்டு. சென்னை மாகாணத்தில் கடிபட்டவர்கள் ஒரு காலத்தில் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்த பின் அந்தத் தொலைவு குறைந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய முறைப்படி ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் சேர்த்துக் கொன்று மருந்தாக்கினார்கள். 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்தியது இதைத்தான். தொப்புளில் மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஊசியிலும் மருந்தின் அளவு அதிகம், அதைத் தாங்கும் அளவுக்குத் தளர்ந்த தோல் வயிற்றில்தான் இருக்கிறது. ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருளை எதிரியாகக் கண்ட உடல், சில சமயம் தன் நரம்புறையையே தாக்கிக்கொண்டது. ஊசி போட்டவருக்கே வாதம் வந்தது. இந்தியா இந்த மருந்தை 2004-ன் இறுதியில்தான் கைவிட்டது. என் கணக்கில் அது இருபது ஆண்டு தாமதம், செல்லில் வளர்த்த பாதுகாப்பான தடுப்பூசி 1980-களிலேயே வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

மூளையை அடைந்த பின் என்ன ஆகிறது? 1903-ல் இத்தாலியின் அடெல்கி நெக்ரி, இறந்த விலங்குகளின் நரம்பணுக்களுக்குள் வட்டமான பொட்டுகளைக் கண்டார். ஒட்டுண்ணி என்று நினைத்தார். நூறாண்டு கழித்து, அவை வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் பட்டறைகள் என்று தெரிந்தது. அதைவிட வியப்பு இன்னொன்று. இவ்வளவு கொடிய நோயில் மூளை சிதைந்து கிடக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. செல்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதில்லை, வீக்கமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மூளை இருக்கிறது, அதன் வேலை மட்டும் தடம் மாறிவிட்டது.

தண்ணீர் பயத்தை எடுத்துக்கொள்வோம். அது மனத்தின் அச்சம் அல்ல. விழுங்கும்போது மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகாமல் காக்க மூளைத்தண்டில் ஓர் அனிச்சைச் செயல் உண்டு. வைரஸ் அதன் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. ஒரு மிடறு தண்ணீர் தொண்டையைத் தொட்டதும் மூச்சுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, தொண்டை இறுகுகிறது. இரண்டு முறை இந்த வேதனையைப் பட்டவருக்குத் தம்ளரைப் பார்த்தாலே, சிலருக்குத் தண்ணீர் என்று காதில் விழுந்தாலே, அது வந்துவிடுகிறது. முகத்தில் மின்விசிறிக் காற்று பட்டாலும் இப்படி ஆவதுண்டு. இடையிடையே அவர் தெளிவாகப் பேசுவார், தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். இந்த நோயின் ஆகக் கொடிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சீற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு தடயம் பாம்பிடமிருந்து கிடைத்தது. வைரஸின் மொத்தச் சொத்து ஐந்தே புரதங்கள். அவற்றில் ஒன்று அதன் மேலுறையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் ஒரு துண்டு, கட்டுவிரியன், நல்ல பாம்பு வகைகளின் நரம்பு நஞ்சில் உள்ள ஒரு பகுதியை ஒத்திருப்பதை 1984-ல் தாமஸ் லென்ட்ஸின் குழு கண்டது. இரண்டும் போய்ப் பொருந்துவது அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்கான ஏற்பியில். 2017-ல் அலாஸ்காவில் கார்ஸ்டன் ஹூஃபரின் குழு அந்தத் துண்டை மட்டும் எலிகளின் மூளையில் செலுத்தியது. வைரஸே இல்லை, நோயும் இல்லை, ஆனாலும் எலிகள் நிலைகொள்ளாமல் ஓடத் தொடங்கின. ஓடின என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், கடிக்கவில்லை. வெறியின் முழு விளக்கம் இதில் இல்லை, ஒரு நூல் நுனிதான் இருக்கிறது.

மூளையிலிருந்து வைரஸ் மறுபடி நரம்பு வழியே வெளியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிறது. இப்போது எல்லாம் ஒன்றுசேர்கின்றன. எச்சிலில் வைரஸ், விழுங்க முடியாததால் வழியும் எச்சில், எதிர்ப்பட்டதைக் கடிக்கும் வாய். நாய்க்குக் கோபம் இல்லை, யார்மீதும் பகை இல்லை. 'பிடிக்கிறது' என்று சொன்ன மொழி இந்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொல்லியிருக்கிறது. மதவெறியருக்கும் அதே வினையைப் போடுவதுதான் சலுகை. அவர் மூளைக்குள் அவர் அனுமதியில்லாமல் எதுவும் ஏறி உட்காரவில்லை.

சொல் நாய்க்கும் ஒரு கெடுதல் செய்திருக்கிறது. வெறி என்றதும் நம் மனத்தில் வருவது பல்லைக் காட்டிக்கொண்டு துரத்தும் நாய். நோயின் இன்னொரு முகம் இதற்கு நேர்மாறானது, ஊமை வெறி என்று சொல்லலாம். அந்த நாய் கடிக்க வருவதில்லை. இருட்டான மூலையில் படுத்துக்கொள்ளும். பின்னங்கால் தள்ளாடும், தாடை தொங்கும், குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வளர்த்தவர் வாய்க்குள் கையை விடுகிறார். மாட்டுக்கு வந்தாலும் இதே கதை, அடைப்பு என்று தொண்டைக்குள் கை விடுகிறார்கள். கை முழுக்க எச்சில், விரலில் ஏற்கெனவே ஒரு கீறல், அது போதும். மனிதர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு நோய் இந்த வாத வடிவில்தான் வருகிறது. தண்ணீர் பயம் தலைகாட்டாததால் வேறு நரம்பு நோய் என்று எண்ணிவிடுகிறார்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள், அந்தக் கணக்கில் இப்படித் தவறியவர்கள் எத்தனை பேர் சேரவில்லையோ.

ஆகவே நாய் 'வெறியோடு' இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், பூனை பிறாண்டினாலும் குழாயடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் அதைச் செய்யாது. பிறகு அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் கையில் ஊசி, தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத மருந்து. கடித்தது வீட்டு நாயென்றால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் அதற்குள் நோய் முற்றி இறந்துவிடும் என்பதால் வந்த கணக்கு அது. அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய் பதினோராம் நாளும் நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டினால் மிச்ச ஊசிகள் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.